முடிவறிந்த கதையும் முகஞ்சுளித்த அவையும்

தோற்றுவாய்

ஆனைமலையில் பிறந்து வளர்ந்தோர்க்கு மாசாணியம்மன் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. ஆற்றில் மிதந்துவந்த மாங்காயைத் தின்ற பெண்ணொருத்தியை நன்னன் என்னும் மன்னன் கொலை செய்வித்தான் என்பதும், அவளே இவ்வூரில் கிடந்த கோலத்தில் தெய்வமாக வணங்கப்படுகிறாள் என்பதும் வழிவழியாக வரும் நம்பிக்கை. அக்கொலையைக் குறுந்தொகையின் 292ஆம் பாடலில் பரணர் சுட்டுகின்றார். அவள் பிழைக்கு ஈடாக 81 யானைகளும், அவள் நிறைக்கு நிறை பொன்னாற் செய்த பாவையும் தர முன்வந்தும் நன்னன் இசைந்திலன் என்பது அப்பாடல் தரும் செய்தி. கொன்றவன் யார், கொல்லப்பட்டவள் யார், காரணம் யாது என்பனவெல்லாம் கேட்போர் அனைவரும் முன்னரே அறிந்தவை. இருந்தும் அக்கதை அலுப்பதில்லை. ஏனெனில் அதைக் கேட்பவர் எங்கு நிற்கிறார் என்பது தெளிவாக இருக்கிறது. அவர் அந்தப் பெண்ணின் அருகில் நிற்கிறார்.

கொலையும் அதன் காரணமும் பற்றிய கதைகளைத் திரையிற் கண்ட தமிழ்ப் பார்வையாளர், சிலவற்றை ஆரவாரத்தோடு ஏற்றனர். சிலவற்றை முகஞ்சுளித்து ஒதுக்கினர். பாடல் இல்லாமை, நாயகன் தீயவனாக வருதல் எனப் பல காரணங்கள் இதற்குக் கூறப்படுவதுண்டு. அவற்றினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. உண்மைக்கும் தமக்கும் இடையே எந்த இடத்தில் தாம் அமர்த்தப்படுகிறோம் என்பதே அவர்தம் வரவேற்பையும் வெறுப்பையும் பெரிதும் முடிவுசெய்தது. இதனை நான்கு படங்களின் வழியாக நோக்கலாம்.

நூலிலிருந்து திரைக்கு

தமிழில் துப்பறியும் கதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. பண்டித ச. ம. நடேச சாஸ்திரியாரின் 'தானவன்' 1894இல் வெளிவந்தது. அவரைத் தொடர்ந்து ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் இத்துறையில் பெருவாரியாக எழுதினர். புலவர் உலகம் இந்நூல்களை இலக்கியமாக மதித்ததில்லை. ஆயினும் எழுத்தறிந்த ஒருவர் படிக்க, வீட்டார் பலர் சூழ்ந்திருந்து கேட்ட நூல்கள் இவை. தமிழ் உரைநடைக்கு வாசகரைத் திரட்டித் தந்ததில் இவற்றின் பங்கு சிறிதன்று.

பேசும் படம் தமிழுக்கு வந்ததும் இக்கதைகள் திரைக்குச் சென்றன. வடுவூராரின் 'மேனகா', டி. கே. எஸ். சகோதரர்கள் நடிப்பில், ராஜா சாண்டோ இயக்கத்தில் 1935இல் வெளிவந்தது. ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1935, 1951 என இருமுறை படமாயிற்று. 'சந்திரகாந்தா' 1936இல் வந்தது.

இவ்வரலாற்றில் கொங்கு நாட்டின் பங்கு சிறப்பாகக் குறிக்கத்தக்கது. 1905 முதல் ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை அமைத்தார். 1930களில் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும், சேலத்தில் திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும் எழுந்தன. நகரத்துக் கட்டடங்களில் ஓடி முடிந்த படம், சிற்றூர்களின் கூடாரக் கொட்டகைகளுக்குச் சில திங்கள் கழித்தே வந்து சேரும். அதற்குள் கதை வந்துவிடும். படம் பார்த்துத் திரும்பியோர் வாய்வழியாகவும், கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் கதைச்சுருக்கம் வழியாகவும் அது பரவிவிடும். அச்சுருக்கம் பாதியில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு அழைப்பது அக்கால வழக்கம். கதையின் பாதியை அறிந்தே அக்காலப் பார்வையாளர் மணலில் அமர்ந்தார்.

மாறுவேடத்தின் இன்பம்

இச்சூழலில் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் 'திகம்பர சாமியார்' படத்தை வெளியிட்டது. வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்' நாவலே இதன் மூலம். டி. ஆர். சுந்தரம் இயக்க, எம். என். நம்பியார் துப்பறியும் சாமியாராகப் பத்துக்கும் மேற்பட்ட மாறுவேடங்களில் தோன்றினார். இக்கதையில் குற்றவாளி யார் என்னும் வினாவே இல்லை. வக்கீலின் சூழ்ச்சி தொடக்கத்திலேயே வெளிப்படை. அவர் எவ்வாறு அகப்படுவார் என்பதே வினா. உறங்கவிடாமல் விழித்திருக்கச் செய்து அவர் வாயாலேயே உண்மையை வரவழைக்கும் பகுதி, அப்படத்தைக் கண்டோர் பல்லாண்டுகள் நினைவுகூர்ந்த ஒன்று.

நூலை முன்னரே படித்தவர்க்கு இப்படத்தில் மறைபொருள் ஏதுமில்லை. ஆயினும் அவர்கள் சலிப்படையவில்லை. ஒவ்வொரு வேடத்தின் உள்ளும் சாமியார் இருப்பது பார்ப்பவர்க்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியாது. இவ்வறிவு வேறுபாட்டில்தான் இன்பம் பிறக்கிறது. பார்வையாளர் துப்பறிபவனின் தோளருகே அமர்ந்து, தீயவனைவிட ஒருபடி மேலிருந்து கதையைக் காண்கிறார். கூத்திலும் நாடகத்திலும் மாறுவேடத்தைக் கண்டு பழகிய மக்களுக்கு இவ்விருக்கை புதியதன்று.

பின்னாளில் நம்பியார் கொடியவன் பாத்திரங்களால் பெயர்பெற்றார். அவரை அவ்வாறே அறிந்த தலைமுறையினர் இப்படத்தைக் காணும்போது, நீதியின் பக்கம் நிற்கும் சாமியாரை ஐயத்தோடு நோக்கத் தலைப்படுவர். படம் மாறவில்லை, பார்ப்பவரின் நினைவு மாறிவிட்டது. ஒரு படைப்பின் வரவேற்பு அதற்குள் மட்டும் அடங்கியதன்று என்பதற்கு இது தக்க சான்று.

பாடல் இல்லாத நாள்

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1954 ஏப்ரலில், ஏ.வி.எம். நிறுவனத்தின் 'அந்த நாள்' வெளிவந்தது. இயக்கியவர் வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர். உரையாடலை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார். சென்னை மீது சப்பானியர் குண்டு வீசிய 1943 அக்டோபர் நாளையொட்டிக் கதை அமைகிறது. வானொலிப் பொறியாளன் ராஜன் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். அவனைச் சூழ்ந்திருந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் ஐயத்தைச் சொல்ல, அதே கொலை வெவ்வேறு வகையாகத் திரையில் நிகழ்கிறது. பாடல், நடனம், சண்டை ஏதும் இல்லாத முதல் தமிழ்ப் படம் இதுவே.

அகிரா குரோசவாவின் 'ரஷோமோன்' படத்தோடு இதனை ஒப்பிடுவர். 1950இல் வந்த அந்தச் சப்பானியப் படம், அகுதகவா எழுதிய சிறுகதைகளின் திரைவடிவம். ஒரு வேறுபாடு இங்கு நோக்கத்தக்கது. சப்பானியப் படம் எவர் கூற்று மெய் என அறுதியிட்டுச் சொல்லாமலே முடிகிறது. தமிழ்ப் படமோ இறுதியில் உண்மையை வெளிப்படுத்திவிடுகிறது. விடை வேண்டும் என்னும் தமிழ் அவையின் எதிர்பார்ப்பை பாலசந்தர் மதித்தார் என்றே கொள்ளலாம்.

எனினும் முதல் வெளியீட்டில் படம் வரவேற்பைப் பெறவில்லை. பாட்டை எதிர்பார்த்து வந்தோர் ஏமாற்றத்தோடு திரும்பினர். சிவாஜி கணேசனை நாட்டுக்குக் கேடு செய்பவனாகக் கண்டதும் தோல்விக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இக்காரணம் முழுவதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. முந்தைய ஆண்டே, சேலத்தில் உருவான 'திரும்பிப் பார்' படத்தில் அவரைத் தீயொழுக்கம் உடையவனாக மக்கள் கண்டிருந்தனர். தீமை புதிதன்று, இருக்கைதான் புதிது.

'திகம்பர சாமியார்' பார்த்தவர் துப்பறிபவனின் அருகில் அமர்ந்திருந்தார். 'அந்த நாள்' அவரை ஐயத்துக்குரியோர் நடுவே அமர்த்தியது. கண்ணால் கண்டது சிறிது நேரத்தில் பொய்யாகிறது; மீண்டும் காண்பதும் பொய்யாகிறது. இடையே இளைப்பாறப் பாட்டும் இல்லை. முன்னறிவிப்பின்றித் தம்மையும் வழக்கு மன்றத்தில் ஏற்றிவிட்டதாக அவர்கள் உணர்ந்திருத்தல் இயல்பே.

இதனினும் கடுமையான மாற்றம் இறுதியில் வருகிறது. ராஜனின் உயிரைக் குடித்தது அவன் மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி. கணவனின் கொலைக்கு நீதி கேட்டு மன்னன் அவையேறிய கண்ணகியைக் கற்பின் வடிவாகப் போற்றும் மண் இது. சிலம்பின் பரலைச் சான்றாகக் காட்டி வழக்கை வென்ற அக்காட்சியே தமிழின் தலைசிறந்த துப்புத்துலக்கல் எனலாம். அக்கதையில் ஊறிய அவைக்கு, நாட்டின் பொருட்டுக் கணவனை எதிர்த்து நின்ற மனைவி காட்டப்பட்டாள். பண்டரிபாய் அப்பாத்திரத்தை மிகையின்றி நடித்தார். நாட்டன்பும் இல்லறக் கடப்பாடும் மோதும் இடத்தில் பார்வையாளர் எப்பக்கம் அமர்வது? படம் அவ்வினாவை எழுப்பியதேயன்றி ஆறுதல் தரவில்லை.

இப்படம் தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. பின்வந்த தலைமுறை இதனைத் தமிழ்த் திரையின் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. முதல் அவை தவறியது என இதனால் எளிதாகச் சொல்லிவிடலாம். அவ்வாறு சொல்வது நேர்மையாகாது. அவர்கள் உணர்ந்த அதிர்ச்சி மெய்யானது. பாலசந்தர் அசைக்க விரும்பிய ஒன்றை அவர்கள் உண்மையாகவே பற்றியிருந்தனர். அசைவை உணராத அவையைவிட முகஞ்சுளித்த அவை படைப்புக்கு நெருக்கமானது.

தீவும் குடும்பமும்

பாலசந்தரே இயக்கிய 'நடு இரவில்' 1970இல் திரைக்கு வந்தது. அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய புகழ்பெற்ற நாவலின் தழுவல் இது. தீவொன்றில் தனித்து விடப்பட்ட பதின்மர் ஒருவர்பின் ஒருவராக இறப்பது நாவலின் கதை. மூலத்தில் அப்பதின்மருள் பெரும்பாலோர் ஒருவர்க்கொருவர் அயலார். சட்டம் தண்டிக்க இயலாத பழைய குற்றங்களே அவர்களைப் பிணைக்கின்றன. தமிழ்ப் படத்திலோ தீவு மாளிகையில் கூடுவோர் செல்வர் ஒருவரின் உறவினர். குற்றவுணர்வின் இடத்தில் சொத்தாசை வந்து அமர்கிறது.

மூலநூலைப் படித்தோர் இதனைக் குறையாகக் கருதலாம். ஆயின் தமிழ் மண்ணில் அயலார் பதின்மரை ஒரு கூரையின்கீழ்க் கூட்டுவது அரிது. பங்காளிகளைக் கூட்டுவது எளிது. பாகப்பிரிவினைக்குக் கூடிய வீட்டில் யார் மனத்தில் என்ன உள்ளது என்னும் ஐயத்தை அறியாத தமிழ்க் குடும்பம் ஏது? 'அந்த நாள்' பார்வையாளரை ஐயத்துக்குரியோர் நடுவே அமர்த்தி அவர்தம் சினத்தைப் பெற்றது. 'நடு இரவில்' அதே இருக்கையைத் தந்து, அதனைக் குடும்பக் கூடத்தில் போட்டது. தழுவலின் நுட்பம் இதில் உள்ளது.

கணியன் என்னும் பெயர்

2017 செப்டம்பரில் மிஷ்கின் இயக்கிய 'துப்பறிவாளன்' வெளிவந்தது. ஆர்தர் கோனன் டாயிலின் ஷெர்லக் ஹோம்சை முன்மாதிரியாகக் கொண்டு, சென்னையில் வாழும் துப்பறிவாளன் ஒருவனை அப்படம் படைத்தது. அவனுக்கு இட்ட பெயர் கணியன் பூங்குன்றன். வாட்சனின் இடத்தில் மனோகர் என்னும் நண்பன். விஷாலும் பிரசன்னாவும் இப்பாத்திரங்களை ஏற்றனர்.

பார்வையாளர் கருத்து இருவேறாகப் பிரிந்தது. ஹோம்சை நூலிலும், அண்மைக்கால ஆங்கிலப் படங்களிலும், தொலைக்காட்சித் தொடரிலும் கண்டு பழகியோர் ஒவ்வோர் அசைவையும் மூலத்தோடு ஒப்பிட்டனர். நடை, உடை, பேச்சு ஆகியவற்றில் சாயலைக் கண்டு குறை கூறினர். மற்றொரு சாரார், தன் நாயைக் கொன்றவரைக் கண்டுபிடிக்குமாறு சிறுவன் ஒருவன் கேட்க, அச்சிறு வழக்கிலிருந்து பெருங்குற்றம் விரியும் அமைப்பைப் பாராட்டினர். நாயகனின் ஊகங்கள் விரைந்து சென்றுவிடுவதாகவும் சிலர்க்குக் குறையிருந்தது.

இக்குறை சிந்திக்கத்தக்கது. டாயில் வாட்சனைப் படைத்ததே வாசகர்க்கு ஓர் இருக்கை தருவதற்காக எனலாம். வாட்சன் காண்பதையே வாசகரும் காண்கிறார். வாட்சன் வியக்கும்போது அவரும் வியக்கிறார். 1893இல் ஹோம்ஸ் இறந்ததாக டாயில் எழுதியபோது வாசகர் பலர் சினந்து இதழின் சந்தாவை நிறுத்தினர். இழந்தது ஒரு பாத்திரத்தை மட்டுமன்று; அறையின் ஓரத்தில் தமக்கிருந்த நாற்காலியையும் இழந்தனர். 1903இல் டாயில் அவனை மீட்டுக்கொண்டு வரவேண்டியதாயிற்று. எனவே ஊகம் விரைந்தது எனக் குறைகூறிய தமிழ்ப் பார்வையாளரும், மனோகரின் அருகில் தமக்குரிய இடம் போதவில்லை என்றே கூறினர் எனக் கொள்ளலாம்.

பெயரைப் பற்றித் தமிழ் அன்பர்கள் மாறுபட்டு எண்ணக்கூடும். மாந்தர் அனைவரையும் கேளிராகக் கண்ட புறநானூற்றுப் புலவரின் பெயரைக் குற்றம் துருவுபவனுக்கு இடலாமோ என்பது ஒரு வினா. கணியன் என்பதற்கு நாளும் கோளும் கணிப்பவன் என்பது பொருள். காணும் குறிகொண்டு காணாததைக் கணிப்பவனுக்கு அப்பெயர் பொருந்தாதது அன்று. மேலும், ஒரு சிறுவனின் நாய்க்காக நீதி தேடப் புறப்படுபவனிடம் அப்புலவரின் பார்வையில் சிறிதேனும் இருக்கத்தான் வேண்டும்.

நிறைவாக

இந்நான்கு படங்களும் காட்டும் உண்மை ஒன்றே. முடிவு தெரிந்துவிட்டது என்பதற்காகத் தமிழ் அவை ஒரு கதையை வெறுத்ததில்லை. மூலம் மாறியது என்பதற்காக மட்டும் ஒதுக்கியதும் இல்லை. தமக்கென ஓர் இடம் உண்டா என்றே அது பார்த்தது. இடம் தெளிவாயிருந்தபோது ஆரவாரித்தது. சொல்லாமல் மாற்றியபோது சினந்தது. அச்சினமே சிலவேளைகளில் படைப்பின் உயிர்நிலையைச் சுட்டிக்காட்டியது.

கவியரங்கில் கவிதை படிப்போரும் இதனை எண்ணிப் பார்க்கலாம். கைதட்டல் பெற்ற கவிதை, கேட்போரைப் பழகிய நாற்காலியில் அமர்த்தியிருக்கலாம். அமைதியோடோ முணுமுணுப்போடோ எதிர்கொள்ளப்பட்ட கவிதை, அவர்களைப் புதிய இடத்துக்கு நகர்த்த முயன்றதாக இருக்கலாம். முயன்று தோற்றதாகவும் இருக்கலாம். எது எது என்பதை அன்றைய அவை மட்டும் சொல்லிவிட இயலாது. படைத்தவர் மட்டுமே சொல்லிவிடவும் இயலாது. நன்னன் தன் தீர்ப்பே முடிவானது என எண்ணினான். பரணர் பாடினார்; ஆனைமலை மக்கள் அவளைத் தெய்வமாக்கினர். தீர்ப்பு இன்றளவும் அவன் பக்கம் இல்லை.