மாதம் 497 ரூபாய்

போன வாரம் சங்கராபுரம் சார் கருவூலத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். வெளியே மரத்தடியில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள், பாதிப் பேர் எனக்குப் பழக்கம். பேச்சு மருத்துவக் காப்பீட்டுக்காக பென்ஷனில் மாதாமாதம் பிடிக்கும் 497 ரூபாயில் வந்து நின்றது.

"நான் ஒரு நாள் கூட ஆஸ்பத்திரியில படுத்தது இல்ல சார். எனக்கு எதுக்கு இந்தப் பிடித்தம்?" என்று கேட்டார் ஒருவர்.

நான் வாயைத் திறக்கவில்லை. 2018இல் இதே கேள்வியை நானும் வேறொரு சந்தாவைப் பற்றிக் கேட்டவன். அதற்கு எட்டே மாதத்தில் பதில் கிடைத்தது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இந்தப் பிடித்தம் நம் பென்ஷனுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று பார்ப்போம். எனக்கு எழுபத்தேழு வயதாகிறது. இந்த வரலாற்றில் பெரும்பகுதி என் கண்ணெதிரே நடந்ததுதான்.

வயதான காலத்துக்கு மூன்று பயங்கள் உண்டு என்று என் தகப்பனார் சொல்வார். சீக்கிரம் செத்துப்போனால் குடும்பம் என்ன ஆகும் என்பது முதல் பயம். நெடுநாள் இருந்துவிட்டால் சோற்றுக்கு என்ன வழி என்பது இரண்டாவது. உயிரும் போகாமல் உடம்பும் தேறாமல் படுத்துவிட்டால் செலவுக்கு யார் என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் நம் நாட்டில் ஒரே நாளில் வழி பிறந்துவிடவில்லை.

முதல் இரண்டுக்கும் சேர்த்து எங்கள் ஆசிரியர் சமூகத்துக்கு வழி செய்தது 1955 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த முப்பலன் திட்டம். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு, ஓய்வூதியம் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிய திட்டம் அது. அதற்கு முன்பு உதவிபெறும் பள்ளியிலும் உள்ளாட்சிப் பள்ளியிலும் பாடம் நடத்தியவர்களுக்கு பென்ஷன் என்ற சொல்லே அந்நியம். எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த பெரிய வாத்தியார் இந்தத் திட்டத்தில் ஓய்வு பெற்றவர். தொகை சொற்பம்தான். ஆனால் மாதம் பிறந்தால் கையை ஏந்தாமல் மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்த்தார். அவருக்கு முன்னால் இருந்தவரோ அறுபத்தைந்து வயதிலும் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லி, நெல்லும் கம்பும் கூலியாக வாங்கினார். இரண்டு பேரையும் பார்த்து வளர்ந்தவன் நான்.

அதற்கு அடுத்த ஆண்டே காப்பீட்டிலும் பெரிய மாற்றம் வந்தது. அப்போது ஆயுள் காப்பீடு தனியார் கையில் இருந்தது. பாலிசிதாரர் கட்டிய பணத்தைச் சில முதலாளிகள் தங்கள் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பிவிட்டதை 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் புட்டுப் புட்டு வைத்தார். 1956 ஜனவரி 19ஆம் தேதி இரவு நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் பேசி, ஆயுள் காப்பீடு அரசுடைமை ஆவதை அறிவித்தார். 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு, செப்டம்பர் 1ஆம் தேதி எல்.ஐ.சி. பிறந்தது. சென்னை அண்ணா சாலையில் 1959இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்க்கவே அந்தக் காலத்தில் நம் ஊர்ப்பக்கமிருந்து ஆட்கள் போவார்கள். அதைக் கட்டத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனமும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவர் பெயர் சொல்பவை. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார். கட்டடம் முடிந்தபோது அரசுக்குச் சொந்தமாகிவிட்டது.

பணம் கையில் இருந்தாலும் அதை எங்கே வைப்பது என்பது அடுத்த பாடம். இதில் நம் மாகாணம் ஆரம்பத்திலேயே அடிபட்டிருக்கிறது. 1906 அக்டோபர் 22ஆம் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. வெள்ளைக்கார துரை நடத்துவது, அசையாது என்று நம்பிப் போட்டவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் சிறை. அந்தக் கசப்பிலிருந்துதான், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியில், 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொழில் தொடங்கியது.

தொண்ணூறு வருஷம் கழித்து அதே பாடத்தை என் அண்ணன் படித்தார். சர்க்கரை ஆலை ஒன்றில் வேலை பார்த்து 1995இல் ஓய்வு பெற்றவர். மாதா மாதம் வரும் பென்ஷன் கிடையாது. கைக்கு வந்த பி.எஃப். பணத்தை மொத்தமாக ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். வருஷத்துக்கு 24 சதவீதம் வட்டி. "பேங்குல போட்டா பாதிகூட வராதுடா" என்று என்னையும் கூப்பிட்டார். ஒன்றரை வருஷம் வட்டி ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒரு நாள் கதவில் பூட்டு. தமிழ்நாடு முழுக்க இப்படிப் பல நிறுவனங்கள் கவிழ்ந்த சமயம் அது. முதலீட்டாளர் பாதுகாப்புக்கென 1997இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அண்ணனுக்கு அசலில் கால் பங்குகூடத் திரும்பவில்லை. கடைசி வரை மகன்கள் கையை எதிர்பார்த்து இருந்தார். அதைப் பார்த்ததால்தான், 2006இல் நான் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தைத் தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். 2004இல் வந்த திட்டம், அப்போது 9 சதவீத வட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சொன்ன தேதியில் வட்டி வந்துவிடும். பெரிய லாபம் இல்லை, ஆனால் தூக்கம் வந்தது.

பென்ஷன் என்பது அரசு மனம் இரங்கிப் போடும் பிச்சை அல்ல என்ற நிலையும் சும்மா வரவில்லை. பாதுகாப்புத் துறையில் நிதி ஆலோசகராக இருந்து 1972இல் ஓய்வு பெற்றவர் டி.எஸ். நகாரா. 1979 மார்ச் 31ஐ எல்லைக் கோடாக வைத்து, அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு உயர்த்திய பென்ஷன் இல்லை என்று மத்திய அரசு சொன்னது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பு: ஓய்வூதியம் கருணைத் தொகை அல்ல, உழைத்தவரின் உரிமை, ஒரே இனத்தவரைத் தேதி வைத்துப் பிரிக்க முடியாது. டிசம்பர் 17ஐ நாம் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது இதனால்தான். எங்களைப் போன்ற ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனதும் அதையொட்டிய காலம்தான், 1981 ஜூன் 1 முதல்.

ஆக, முதல் இரண்டு பயத்துக்கும் ஒருவாறு வழி கிடைத்தது. மூன்றாவதுக்கு?

1986இல் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிகிளைம் பாலிசியைக் கொண்டுவந்தன. நம் ஊர்ப்பக்கம் அது தெரிய இருபது வருஷம் ஆயிற்று. மாநில அரசு ஓய்வூதியருக்கென காப்பீட்டுத் திட்டம் 2014 ஜூலையில்தான் வந்தது. அப்போது பிடித்தம் மாதம் 150 ரூபாய். 2018 ஜூலையில் 350. 2022 ஜூலையில் 497. வருஷக் கணக்கில் 1,800 ரூபாய் 4,200 ஆகி, 5,964 ஆகியிருக்கிறது. மருத்துவப்படி என்று நமக்குத் தருவது மாதம் 300. மரத்தடியில் பேசியவர்களின் ஆற்றாமை எனக்குப் புரியாமல் இல்லை. 2022இல் வந்த திட்டத்தின் காலம் 2026 ஜூன் 30 வரை. அடுத்து என்ன தொகையோ என்ற கவலையும் அந்தப் பேச்சில் இருந்தது.

இப்போது என் கதை.

2008இல் எனக்கும் மனைவிக்குமாகத் தனியே ஒரு மருத்துவ பாலிசி எடுத்தேன். முதல் வருஷம் 14,000 ரூபாய். வயது ஏற ஏற சந்தாவும் ஏறியது. 2018 மார்ச்சில் புதுப்பிக்க வந்த கடிதத்தில் 41,000. அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அடக்கம். பத்து வருஷத்தில் ஒரு ரூபாய்கூட நாங்கள் கேட்டு வாங்கியதில்லை. "வேண்டாங்க, கட்டிடுங்க. போனா போவுது" என்றாள் மனைவி. அரசுத் திட்டம்தான் இருக்கிறதே என்று நான் கட்டவில்லை.

அந்த நவம்பரில் ஒரு நாள் விடியற்காலை அவளுக்கு மார்பு வலி. கள்ளக்குறிச்சியில் முதலுதவி செய்து, புதுச்சேரியில் மகனுக்குத் தெரிந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரண்டு ஸ்டென்ட். பிழைத்துக்கொண்டாள், அதுவரை கடவுள் புண்ணியம். பில் 2,15,000 ரூபாய். அந்த மருத்துவமனை அரசுத் திட்டத்தின் பட்டியலில் இல்லை என்பது அட்டையை நீட்டியபோதுதான் தெரிந்தது. நாலு வருஷமாகப் பிடித்தம் கொடுத்தவன், பட்டியலை ஒரு நாளும் எடுத்துப் பார்க்கவில்லை. தபால் அலுவலகத்தில் 2016இல் போட்ட கணக்கை இடையில் முடித்து, 1 சதவீதம் கழித்துக்கொண்டு பணத்தை எடுத்தேன். பிறகு மனு மேல் மனு போட்டதில், பதினான்கு மாதம் கழித்து 90,000 வந்தது. பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்ற ஒரே காரணத்துக்காகச் செலவைத் தர மறுக்கக் கூடாது என்று சிவகாந்த் ஜா என்ற மத்திய அரசு ஓய்வூதியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில்தான் சொல்லியிருந்தது. அவசர காலம் என்பதற்கான சான்றுகளோடு அதையும் மனுவில் எழுதினேன்.

பணத்தைவிட என்னை அறுத்தது வேறு. பாலிசியை விட்டுவிடுவது ஒன்றே வழி என்று நினைத்தேனே! காப்பீட்டுத் தொகையைக் குறைத்துச் சந்தாவைக் குறைத்திருக்கலாம். 2011 அக்டோபர் முதலே, பழைய வருஷங்களின் பலன் போகாமல் வேறு நிறுவனத்துக்கு மாறும் வசதி இருந்தது. நான் கேட்கவில்லை, எவரும் சொல்லவும் இல்லை. இப்போது இன்னும் சில நல்லது நடந்திருக்கிறது. அறுபது கடந்தவர்களின் சந்தாவை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் தன்னிஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் ஒழுங்குமுறை ஆணையம் கட்டளையிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பாலிசி வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

பென்ஷனே இல்லாதவர்கள்தான் நம் பகுதியில் அதிகம். கரும்பும் மரவள்ளியும் போட்டவருக்கும், கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கியவருக்கும் கிராஜுவிட்டி ஏது? 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை இன்று 1,200. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது. தெருவில் அட்டை இல்லாதவர் இருந்தால் வாங்கிக்கொடுங்கள். படிக்கத் தெரிந்த நமக்கு அது ஒரு மத்தியான வேலை.

நான் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பென்ஷன் வரவும் மாதச் செலவும். இரண்டாம் பக்கத்தில், கேட்டவுடன் எடுக்கக்கூடிய ஒரு லட்சம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்ற விவரம். மூன்றாம் பக்கத்தில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை, புதுச்சேரியில் நம் திட்டப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளின் பெயர், எந்த நோய்க்கு எது என்று. காப்பீட்டு அட்டையின் நகல் இரண்டு, ஒன்று மனைவியின் பையில். வருஷத்துக்கு ஒரு முறை நேர்காணலுக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

அன்று மரத்தடியில் கேட்டவருக்கு இந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர், "எனக்கும் அனுப்புங்க வாத்தியாரே" என்றார். உங்களுக்கும் வேண்டுமானால் கேளுங்கள், அனுப்புகிறேன்.