காட்டேரி: நாட்டார் தெய்வமும் பேய்ப்படமும்

காட்டேரி என்பது தமிழகத்திலும் புதுச்சேரியிலும் அஞ்சப்படும், வணங்கவும்படும் ஒரு பெண் ஆவி. இரத்தம் குடிப்பது, பிள்ளைத்தாய்ச்சிகளையும் கைக்குழந்தைகளையும் தீண்டுவது என்று சொல்லப்படும் இதுவே, சில குடும்பங்களுக்குப் படையல் போட்டுக் கும்பிடும் தெய்வமாகவும் இருக்கிறது. ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் பூதங்கள் வாய்மொழிக் கதையிலிருந்து திரைக்கு வந்துவிட்டன; காட்டேரி பெயரளவில்தான் வந்திருக்கிறது.

பெயர்

புதுச்சேரி ஒன்றியப் பகுதி, வில்லியனூர் வட்டம், மண்ணாடிப்பட்டு கொம்யூனில் காட்டேரிக்குப்பம் என்றே ஓர் ஊர் உண்டு. ஏரிப் பாசனத்துக்குப் பேர்போன வட்டாரம் என்பதால் ஊர்ப்பெயரைக் காடு, ஏரி என்று பிரித்தும் பொருள் கொள்ளலாம். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆவிதான். பேச்சுவழக்கில் ‘இரத்தக் காட்டேரி’ என்பதும் பரவலான சொல். டிராகுலா போன்ற மேலைநாட்டு இரத்தம் குடிக்கும் பேய்களுக்கும் தமிழர்கள் இந்தப் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

வழிபாடு

சில குடும்பங்களில் பெண் கருவுற்றிருக்கும்போது தாயும் சேயும் நலமாகப் பிரிய வேண்டுமென்று காட்டேரிக்குப் படையல் போடுவார்கள். தீண்டும் என்று எதற்கு அஞ்சுகிறார்களோ அதனிடமே காவலும் கேட்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கயானாவுக்குக் கப்பலேறிய தமிழர்கள் இந்தத் தெய்வத்தையும் கொண்டுபோனார்கள். அங்குள்ள காளி கோயில்களில் மதுரை வீரனோடு காட்டேரி அம்மாவுக்கும் இன்றும் பூசை நடக்கிறது.

காட்டேரியைப் போன்ற உக்கிர உருவங்களை நேரில் காண மயானக் கொள்ளைக்குப் போக வேண்டும். மாசி மாதம் சிவராத்திரியை அடுத்த அமாவாசையில், விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் உட்படப் பல ஊர்களில் இது நடக்கும். முகத்தில் சாயம் பூசி, சடை விரித்து, கையில் சூலத்தோடு காளியாகவும் அங்காளியாகவும் வேடமிட்டவர்கள் சுடுகாட்டுக்கு ஆடிக்கொண்டு போவார்கள். அங்கே சுண்டலும் கொழுக்கட்டையும் தானியமும் சூறைவிடப்படும். அச்சமூட்டும் வேடத்தைப் பார்த்து அலறும் குழந்தையைத் தாய் அந்த வேடக்காரரிடமே நீட்டித் திருநீறு பூசச் சொல்வாள். காட்டேரியின் இயல்பும் இதுவே: அச்சமும் அருளும் ஒரே முகத்தில்.

கிறிஸ்துமஸ் பூதங்கள்

குழந்தையை அலறவைக்கும் வேடம் ஐரோப்பாவிலும் உண்டு. ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் டிசம்பர் 5 இரவு, கொம்பு முளைத்த கிராம்பஸ் வேடத்தில் இளைஞர்கள் சங்கிலி குலுங்கத் தெருவில் ஓடுவார்கள். மறுநாள் புனித நிக்கோலாஸ் திருநாள். நல்ல பிள்ளைக்கு அவர் பரிசு தருவார், அடங்காத பிள்ளைக்குக் கிராம்பஸ் பிரம்படி தரும். கிழக்குப் பிரான்சில் இந்த வேலையைச் செய்பவன் சாட்டை ஏந்திய பேர் ஃபுவேத்தார்.

2010இல் இரண்டு படங்கள் இந்த மரபைத் திகிலாக்கின. பின்லாந்தின் ‘ரேர் எக்ஸ்போர்ட்ஸ்’ (இயக்கம் யால்மரி ஹெலாண்டர்) மலைக்குள் புதையுண்ட பழைய, கொடூரமான கிறிஸ்துமஸ் தாத்தாவைத் தோண்டி எடுத்தது. டச்சுப் படமான ‘சின்ட்’ (இயக்கம் டிக் மாஸ்) புனித நிக்கோலாஸையே கொலைகார ஆயராகக் காட்டியது. 2015இல் மைக்கேல் டோஹர்ட்டி இயக்கிய ‘கிராம்பஸ்’ இவற்றினும் பரவலாக அறியப்பட்டது. உறவினர்களின் கேலியால் மனம் வெதும்பிய சிறுவன் மேக்ஸ், கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துச் சன்னலுக்கு வெளியே எறிகிறான். அந்தத் துணுக்குகள் காற்றோடு போனதும் பனிப்புயல் சூழ்கிறது, பூதம் வருகிறது. அது ஏன் வருகிறது என்பது அந்த வீட்டில் பாட்டி ஒருத்திக்குத்தான் தெரியும். பூதத்தோடு அதன் நியாயத்தையும் படம் எடுத்துக்கொண்டது.

ஆசியத் திரையில்

காட்டேரிக்கு நெருங்கிய உறவு மலாய் மக்களின் பொந்தியானாக். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவி அது. கேரளத்தில் பிறந்த பி. என். ராவ் சிங்கப்பூரில் இயக்கிய ‘பொந்தியானாக்’ (1957) பெரும் வெற்றி பெற்று, அந்த வகைப் படங்களுக்கு ஒரு வரிசையையே தொடங்கிவைத்தது.

தமிழில் ‘யாமிருக்க பயமே’ (2014) எடுத்த டீகே, ‘காட்டேரி’ என்ற பெயரிலேயே ஒரு படம் இயக்கினார். வைபவ், வரலட்சுமி சரத்குமார், சோனம் பாஜ்வா, ஆத்மிகா நடித்தனர். 2020 கிறிஸ்துமஸ் அன்று வெளியாக இருந்த படம், கொரோனா காரணமாகத் தள்ளிப்போய் 2022 ஆகஸ்ட் 5 அன்று வந்தது. புதையல் தேடிப் போகும் கும்பல் பேய்களின் ஊரில் சிக்கிக்கொள்வதே கதை. நகைச்சுவையும் திகிலும் கலந்த அந்தக் கதைக்குக் காட்டேரி என்ற பெயர் பயன்பட்டது, படையலும் பிள்ளைப்பேறும் பயன்படவில்லை.

2014 டிசம்பர் 19 அன்று, கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்பு வெளியான மிஷ்கினின் ‘பிசாசு’ இதற்கு நேர்மாறானது. தன்னைக் காப்பாற்ற முயன்றவனின் வீட்டுக்கே வந்து தங்கும் அந்தப் பெண் ஆவி பயமுறுத்துகிறது, பரிவும் காட்டுகிறது. சுந்தர் சி.யின் ‘அரண்மனை 4’ (2024) அசாமியரின் ‘பாக்’ என்ற நீர்ப் பேயைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மலையாளத்தில் ‘லோகா’ (2025) கேரள நாட்டார் கதைகளில் வரும் கள்ளியங்காட்டு நீலியைக் காவல் நாயகியாக்கியது.

மதிப்பீடு

அசாமின் பேய் தமிழ்த் திரைக்கு வந்துவிட்டது, கேரளத்தின் நீலி காவல்காரியாக எழுந்துவிட்டாள். பிரசவ அறை வாசலில் நம் பாட்டிகள் வேண்டிக்கொண்ட காட்டேரி இன்னும் திரைக்கு வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற தாயின் கலக்கம்தான் அவளுடைய கதை. அதை எடுக்கும் இயக்குநருக்குத் தேவையானவை அந்தப் படையலிலும் மாசி அமாவாசைச் சுடுகாட்டிலும் இருக்கின்றன.