பத்துப் பாத்திரமும் டிஷ்வாஷரும்

‘பத்துப் பாத்திரம் தேய்த்தாவது பிள்ளையைப் படிக்க வைப்பேன்’ என்று ஒரு தாய் சொல்லும்போது அவள் எண்ணிக்கை சொல்லவில்லை. அந்தப் பத்து, பற்று. காற்று பேச்சில் காத்து ஆனது, சோற்றுப்பானை சோத்துப்பானை ஆனது. அந்த வழியிலேயே பற்று பத்தாயிற்று. சோறும் குழம்பும் பற்றிக் காய்ந்துபோன பாத்திரம் பற்றுப் பாத்திரம். கணக்கேட்டில் பற்று வரவு என்று எழுதுகிறோமே, அதுவும் இந்தப் பற்றுதான். அழுக்கின் தன்மையை, அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை, ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள். வேலை எவ்வளவு கடினம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அந்த வேலைக்குத் தமிழில் வினைச்சொற்கள் ஏராளம். தேய்ப்பது வேறு, கழுவுவது வேறு, அலசுவது வேறு, அலம்புவது வேறு. சில ஊர்களில் பாத்திரத்தை விளக்குவார்கள், சில ஊர்களில் துலக்குவார்கள். விளக்குவதும் துலக்குவதும் ஒளி வரச் செய்வது. பல்லுக்கும் பித்தளைக் குடத்துக்கும் இந்தச் சொற்கள் பொருந்தும். தேய்ப்பதில் கையின் அழுத்தமும் நாரின் உராய்வும் உண்டு. கழுவும்போது அழுக்கைத் தண்ணீர் கொண்டுபோகிறது. அலசினால் ஒட்டியிருக்கும் சோப்பு போகிறது. பாத்திரம் கழுவும் பழைய டிஷ்வாஷர் எந்திரம் ஒன்றை எடைபோட இந்த வினைச்சொற்களைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

வளைகுடாவுக்கு வந்த தமிழர்களில் பலர் டிஷ்வாஷர் என்ற சொல்லை முதலில் அறிந்தது எந்திரத்தின் பெயராக அன்று, வேலையின் பெயராக. ‘என்ன வேலைக்குப் போறீங்க?’ ‘ஹோட்டல்ல டிஷ்வாஷர்ண்ணே.’ துபாய், தோஹா, குவைத் என்று எங்கே போனாலும் கஃபட்டீரியாவின் பின்கட்டில் நிற்கிற ஆளின் பெயர் அது. பெரிய ஓட்டல்களில் அதையே கொஞ்சம் மரியாதையாகக் கிச்சன் ஸ்டூவர்ட் என்பார்கள். ஊரில் பத்துப் பாத்திரம் தேய்ப்பது பெண்ணின் வறுமையைச் சொல்லும் தொடர். கடல் தாண்டியதும் அந்த வேலை ஆணுடையதாகி, விசாத் தாளில் தொழிலாக ஏறியது. ஐரோப்பாவுக்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் இதைக் ‘கோப்பை கழுவுறது’ என்றார்கள். யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் சாப்பிடும் தட்டு. பாரிசிலும் லண்டனிலும் ஒரு தலைமுறை தன் முதல் சம்பளத்தைச் சொல்லப் பயன்படுத்திய தொடர் அது.

ஆங்கிலத்திலும் டிஷ்வாஷர் முதலில் ஆள்தான். இங்கிலாந்தின் சில பகுதிகளில் வாலாட்டிக் குருவிக்குக்கூட அந்தப் பெயர் இருந்தது. எந்திரத்துக்கு அந்தப் பெயர் வந்தது 19ஆம் நூற்றாண்டில். 1850இல் அமெரிக்காவில் ஜோயல் ஹூட்டன் என்பவர் கையால் சுழற்றும் மரப்பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அது பாத்திரத்தின் மேல் தண்ணீரைத் தெளித்ததே தவிர, சரியாகக் கழுவவில்லை. இன்று நாம் காணும் எந்திரத்தின் தாய் இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்த ஜோசபின் கோக்ரேன். 1886 டிசம்பர் 28இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. தட்டுகளைக் கம்பிக் கூண்டில் அசையாமல் நிறுத்தி, சூடான சோப்புத் தண்ணீரை அழுத்தத்தோடு அவற்றின் மேல் பாய்ச்சுவதே அவர் கண்ட வழி. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பேர் வாங்கியது. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஓட்டல்காரர்கள். அத்தனை வெந்நீர் அன்றைய வீடுகளில் ஏது? ஐரோப்பாவின் முதல் மின்சார டிஷ்வாஷரை 1929இல் மீலே நிறுவனம் செய்தது. அதற்குப் பிறகும் அது சாதாரண வீட்டுக்குள் நுழையப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

கோக்ரேன் கண்ட வழியில் தேய்த்தல் இல்லை என்பதுதான் இதில் முக்கியம். பாத்திரத்தை எந்தக் கையும் எந்த நாரும் தொடுவதில்லை. சூடு, காரம், தண்ணீரின் வேகம், நேரம் ஆகிய நான்கும் சேர்ந்து தேய்ப்பதற்கு ஈடுகொடுக்கின்றன. விலை குறைந்த பழைய எந்திரத்தில் இந்த நான்கும் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால் அதன் நிறையும் குறையும் விளங்கிவிடும்.

ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் பழைய சாமான் கடைகளில் இவை வரிசையாக நிற்கும். வில்லாவைக் காலிசெய்து ஊருக்குப் போகிறவர்கள் விட்டுச் சென்றவை. கதவில் ஒரு பெரிய திருகு, இரண்டு மூன்று பொத்தான். திரையும் கிடையாது, செயலியும் கிடையாது. அந்தத் திருகு அதன் முதல் நிறை. உள்ளே ஒரு சின்ன மோட்டார் பல்சக்கரங்களைச் சுழற்ற, சக்கரம் ஒவ்வொரு தொடுமுனையாகத் தட்டி வெந்நீர், சோப்பு, அலசல், வடிகால் என்று வரிசையாக நடத்தும். எது கெட்டது என்று கண்ணால் பார்த்தே பழுதுபார்ப்பவர் சொல்லிவிடுவார். மின்னணுப் பலகை எரிந்துபோன புது எந்திரத்துக்கு அந்த யோகம் இல்லை.

சூட்டிலும் பழைய எந்திரம் குறைவைப்பதில்லை. 65, 70 டிகிரி வெந்நீரை எந்த மனிதக் கையும் தாங்காது. நெய்யும் வனஸ்பதியும் படிந்த எவர்சில்வர் தட்டு அந்தச் சூட்டில் அப்பழுக்கில்லாமல் வருகிறது. இங்கே கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் ‘பச்சைத் தண்ணீரே’ கை பொறுக்காத சூட்டில்தான் வருகிறது. எந்திரத்துக்குச் சூடாக்கும் செலவு அதில் கொஞ்சம் மிச்சம். ஆனால் முதல் அலசலே சூடாக இருந்தால் முட்டையும் பாலும் வெந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பற்றை நீக்க வந்த தண்ணீர் பற்றை உறுதியாக்கிவிடும். முட்டைத் தட்டை மட்டும் முன்பே கையால் வழித்துவிடுவது நல்லது.

குறைகளில் பெரியது தண்ணீர். 1970களின் எந்திரங்கள் ஒரு சுற்றுக்கு 40 லிட்டர்கூடக் குடித்தன; இன்று நல்ல எந்திரம் 10 லிட்டர் அளவில் முடித்துவிடுகிறது. அமீரகத்தின் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கடலிலிருந்து எரிபொருள் செலவழித்துப் பிரித்த நீர். அதை இப்படி ஓடவிடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். அடுத்தது காரம். பழைய எந்திரங்கள் பாஸ்பேட் கலந்த சோப்புத் தூளை நம்பிச் செய்யப்பட்டவை. ஏரிகளிலும் ஆறுகளிலும் பாசி பெருகியதால் ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜனவரி 1 முதல் வீட்டு டிஷ்வாஷர் சோப்பில் பாஸ்பேட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இன்றைய மாத்திரைகள் நொதிகளை அதிகம் நம்புகின்றன. அவை வேலைசெய்ய நேரம் வேண்டும். பழைய திருகின் குறுஞ்சுற்று அந்த நேரத்தைத் தராது. கண்ணாடி டம்ளரில் வெள்ளைப் புகை படிவதற்குப் பாஸ்பேட் குறைந்ததும் ஒரு காரணம்.

மின்சாரத்திலும் ஒரு சங்கதி உண்டு. சவூதியில் மின்னோட்டத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ்; அமீரகம், ஓமன், கத்தார், குவைத், பஹ்ரைனில் 50. திருகை ஓட்டும் மோட்டார் இந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டது. 60க்கென்று செய்த எந்திரத்தைச் சவூதியின் தம்மாமிலிருந்து துபாய்க்குக் கொண்டுவந்தால் ஒரு மணி நேரச் சுற்று 72 நிமிடம் ஆகும். பம்பின் வேகமும் குறையும். தண்ணீர் பாய்வது தளரும்.

இனி உள்ளே குனிந்து பார்க்க வேண்டும். சுழலும் தெளிப்புக் கையில் சிறு துளைகள் இருக்கும். தமிழ் வீட்டு எந்திரம் என்றால் அவற்றில் கடுகு உட்கார்ந்திருக்கும். கறிவேப்பிலைக் காம்பு குறுக்கே கிடக்கும். ஊக்கு ஒன்றை எடுத்துத் துளை துளையாகக் குத்தி எடுத்தால்தான் தண்ணீர் மறுபடி பாயும். கதவின் உட்புறத்துப் பிளாஸ்டிக்கில் மஞ்சள் கறை ஏறினால் போகாது. கம்பிக் கூண்டு மேல்நாட்டுச் சப்பைத் தட்டுக்கு அளவெடுத்தது. டபராவும் டம்ளரும் அதில் சாய்ந்து நின்று, அடிவிளிம்பில் அழுக்குத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும். அலுமினிய அடுக்கை வைத்தால் காரம் தின்று கறுத்து வரும். பழக்கிய இரும்புத் தோசைக்கல்லின் எண்ணெய்ப் பூச்சு கழன்று மறுநாளே துரு ஏறும். குக்கரின் அடியில் பிடித்த பருப்பு அப்படியே இருக்கும்.

நட்சத்திர ஓட்டல்களிலும் இதே கதைதான். தட்டுகள் பட்டையில் நகர்ந்து நீண்ட எந்திரத்துக்குள் போய் மறுபக்கம் உலர்ந்து வெளிவரும். அண்டாவும் கடாயும் போகிற இடம் வேறு. அதற்குப் பாட்வாஷ் என்று பெயர். ஆழமான தொட்டியின் முன்னால், முழங்கைவரை கையுறையோடு ஒருவர் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருப்பார். புதிதாக வந்த பையனை முதலில் அங்கேதான் நிறுத்துவார்கள். டிஷ்வாஷர் என்ற பெயரை எந்திரம் எடுத்துக்கொண்டது. பத்துப் பாத்திரம் அவர் கையில் நின்றுவிட்டது.

அரபியில் துணி துவைக்கும் எந்திரம் கஸ்ஸாலா; பாத்திரத்துக்கு கஸ்ஸாலத் சுஹூன், தட்டுகளின் கஸ்ஸாலா. கஸ்ஸால் என்றால் கழுவுகிற ஆள். அதன் பெண்பாலை எந்திரத்துக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே வாழும் சிரியர்களும் ஜோர்டானியர்களும் ஜல்லாயா என்பார்கள். அதன் வேர்ச்சொல்லுக்கு மெருகேற்றுதல், தெளிவாக்குதல் என்ற இரு பொருளும் உண்டு. நம் ‘விளக்குதல்’ பாத்திரத்துக்கும் பாடத்துக்கும் பொதுவாக இருப்பதை இதோடு வைத்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சாதாரணமானதல்ல.

தமிழில் பாத்திரங்கழுவி என்று ஆக்கியிருக்கிறார்கள். செயற்கை என்று இதை ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படவில்லை. விறகுவெட்டி ஆள், பாக்குவெட்டி கருவி, மரங்கொத்தி பறவை. ஆளையும் கருவியையும் பறவையையும் ஒரே இகர விகுதியால் குறிப்பது நம் மொழியின் பழைய இயல்பு. அந்தச் சொல்லில் கழுவுதல் மட்டுமே இருக்கிறது, தேய்த்தல் இல்லை. எந்திரம் செய்வதும் அவ்வளவுதான்.

சில நூறு திர்ஹமுக்குப் பழையது ஒன்றை வாங்க நினைப்பவர், விற்பவர் வீட்டிலேயே ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிலும் ஜூலை, ஆகஸ்டில் குடும்பம் ஊருக்குப் போய் இரண்டு மாதம் சும்மா கிடந்த எந்திரம் என்றால், பம்பின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கக்கூடும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. வெந்நீர் ஏறிய பிறகு கீழே தரையில் ஒரு காகிதத்தை விரித்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் விலை பேசாமல் திரும்பிவிடலாம்.