அங்காடித் திருட்டும் சட்டமும்: ஐந்து ஷில்லிங் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை

கடையில் பொருள் வாங்குபவர் போல் நுழைந்து, விலை கொடாமல் பொருளைக் கவர்ந்து செல்வது அங்காடித் திருட்டு எனப்படும். பூட்டை உடைத்தலோ வன்முறையோ இதில் இல்லை. எனினும் இச்சிறு குற்றத்திற்கு இங்கிலாந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மரண தண்டனை விதித்து வந்தது. மூன்றாம் வில்லியம் காலத்தில், 1699இல், இயற்றப்பட்ட சட்டம் கடையிலிருந்து ஐந்து ஷில்லிங் அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மறைவாகத் திருடுவோர்க்குத் தூக்கு என வகுத்தது. திருடரைப் பிடித்துத் தண்டனை பெறச் செய்தவருக்கு ஊர்ப்பணிகளிலிருந்து விலக்களிக்கும் சான்றிதழும் அச்சட்டத்தின்வழிக் கிடைத்தது. தூக்குமேடை அமைந்திருந்த இடத்தின் பெயரால் மக்கள் அதனை ‘டைபர்ன் சீட்டு’ என்றனர்.

இச்சட்டத்தின் கொடுமையை 1771இல் தூக்கிலிடப்பட்ட மேரி ஜோன்ஸ் வழக்கு காட்டும். கணவன் கடற்படைக்குக் கட்டாயமாகக் கொண்டு செல்லப்பட்டபின், லண்டன் லட்கேட் ஹில் பகுதிக் கடையொன்றில் அவ்விளம்பெண் மஸ்லின் துணிகளைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டாள். (அன்று ஐரோப்பியச் சந்தைக்கு மஸ்லின் பெரும்பாலும் வங்கத்திலிருந்தே சென்றது.) 1777இல் சர் வில்லியம் மெரெடித் நாடாளுமன்றத்தில் இவ்வழக்கை எடுத்துரைத்தார்.

எல்லா வழக்குகளும் இவ்வாறு முடியவில்லை. நடுவர் குழுவினர் பொருளின் மதிப்பை நான்கு ஷில்லிங் பத்துப் பென்னி எனக் குறைத்து மதிப்பிட்டுக் குற்றவாளியைத் தூக்கிலிருந்து காத்தனர். சத்தியம் செய்து அமர்ந்தவர்கள் அறிந்தே கூறிய பொய் இது. ஆயினும் சட்டத்தைவிட அப்பொய்யே நீதிக்கு நெருக்கமாக நின்றது எனலாம். கடைக்காரருள் பலர் ஓர் உயிர் போவதற்குத் தாம் காரணமாக விரும்பாமல் வழக்குத் தொடுக்கவே தயங்கினர். கடுமையே சட்டத்தைச் செயலிழக்கச் செய்தது. சாமுவேல் ராமிலி 1810இல் கொண்டுவந்த திருத்த மசோதாவைக் கீழவை ஏற்றது. பிரபுக்கள் அவை மறுத்தது. மறுத்து வாக்களித்தோருள் ஆயர்களும் இருந்தனர்.

ராமிலி 1818இல் மறைந்தபின் அப்பணியை ஏற்றவர் ஜேம்ஸ் மெக்கின்டாஷ். இவருக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு ஈண்டு நோக்கத்தக்கது. 1804 முதல் 1811 வரை பம்பாயில் ரெக்கார்டர் என்னும் நீதிபதிப் பதவி வகித்த அவர், தூக்குத் தண்டனையின்றியே நகரை ஆள முடிந்ததெனத் தம் விடைபெறும் உரையில் கூறினார். 1819இல் கீழவைக் குழுவின் தலைவராக அவர் முன்வைத்த சீர்திருத்தத்துக்கு அப்பட்டறிவு துணைநின்றது என்று கருத இடமுண்டு. 1820இல் மதிப்பு வரம்பு பதினைந்து பவுண்டாக உயர்த்தப்பட்டது; 1823இல் இக்குற்றத்திற்கான மரண தண்டனையே நீக்கப்பட்டது.

மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம் மதிப்பு வரம்பு என்பதையே ஏற்கவில்லை. நேர்மையற்ற எண்ணத்துடன், உடையவர் இசைவின்றிப் பொருளை இடம் பெயர்த்தாலே திருட்டு நிறைவுறும் என்றது 378ஆம் பிரிவு. பொருளைத் தாமே எடுக்கும் இன்றைய பேரங்காடியில் இவ்வரையறை சிக்கலாகிறது. அலமாரியிலிருந்து எடுப்பதற்குக் கடைக்காரரின் உட்கிடையான இசைவு உண்டு. எனவே எண்ணமே வழக்கின் உயிர்நாடியாகிறது. பணம் செலுத்துமிடத்தைக் கடக்குமுன் அதனை மெய்ப்பித்தல் எளிதன்று.

2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மதிப்பு வரம்பு மீண்டும் வந்தது. இம்முறை கருணையின் பக்கமாக. 303(2)ஆம் பிரிவின்படி, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதன்முறை தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பியளித்தால் சமூக சேவையே தண்டனை. ஆனால் பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் நிகழும் திருட்டிற்கு 305ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது. அங்கே ஐயாயிரம் ரூபாய் பற்றிய பேச்சே இல்லை. கடை அத்தகைய கட்டடமா என்னும் வினாவுக்குத் தரப்படும் விடையைப் பொறுத்தே, ஒரு சோப்புக் கட்டியை எடுத்தவர் தெருவைத் துப்புரவு செய்வதும் சிறை செல்வதும் அமைகின்றன.