கற்பிட்டி மணலில் திரும்பிவரும் நீர்: பாசனச் சீர்திருத்தத்துக்கு ஓர் அளவுகோல்

புத்தளம் மாவட்டத்தின் உட்பகுதியில் பாசனம் என்றால் குளமும் வாய்க்காலும்தான். இங்கினிமிட்டிய, தப்போவ போன்ற குளங்களை நம்பி அங்கே நெல் விளைகிறது. பாலாவியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பியதும் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, நடுவே மணல். நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை ஊர்களின் சின்ன வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பீற்றூட்டும் தோட்டத்துக்குள்ளேயே வெட்டிய ஆழமற்ற கிணறுகளின் நீரில் வளர்பவை.

இந்தக் குடாநாட்டுக்கு மேம்பட்ட நீர்ப்பாசனம் வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. எதை மேம்பாடு என்று அளப்பது என்பதே கேள்வி. தூவல் கருவியும் சொட்டுக் குழாயும் நீரை மிச்சம் பிடிப்பவை என்று சொல்லித்தான் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. வேர்ப்பரப்பைத் தாண்டி எவ்வளவு நீர், என்னென்ன கரைசல்களோடு கீழே இறங்குகிறது என்பதே கற்பிட்டிக்குப் பொருந்தும் அளவுகோல் என்பது என் வாதம்.

ஆய்வாளர்களான பனபொக்கேயும் பெரேராவும் 2005இல் இலங்கையின் நிலக்கீழ் நீரை ஆறு வகையாகப் பிரித்தார்கள். கற்பிட்டி அவற்றுள் கரையோர மணற்படுகை வகையைச் சேர்ந்தது. மாரிமழையில் ஊறிய நன்னீர், அடர்த்தி குறைந்ததால், உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கைபன் 1888இலும் ஹெர்ஸ்பெர்க் 1901இலும் சொன்ன விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கலாம். அதையே திருப்பிப் பார்த்தால் அச்சம் வருகிறது: இறைப்பினால் நீர்மட்டம் நிலையாக 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், காலப்போக்கில் உவர்நீர் 4 மீற்றர் மேலே வரும். இது இலட்சிய நிலைக்கான கணக்குத்தான். ஆனாலும் கிணற்றை இன்னும் ஆழமாக்கினால் போதும் என்ற யோசனை இங்கே ஏன் ஆபத்தானது என்பதை அது காட்டிவிடுகிறது.

வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிச் சிறிது நேரம் கழித்து மணலைக் கையால் தோண்டிப் பாருங்கள். மேல்மணல் காயத் தொடங்கியிருக்கும். முழங்கை ஆழத்தில் ஈரம் இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கும். வெங்காயத்தின் வேர் அவ்வளவு தூரம் போவதில்லை. மணல் நீரைப் பிடித்துவைக்காததால் விவசாயி நாள்தோறும் இறைக்கிறார், வெயில் காலத்தில் இருவேளையும் இறைக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒருநாள் தவறினால் தாள் வாடும், போட்ட முதல் போய்விடும்.

கீழே இறங்கும் நீர் வீணாவதில்லை, மறுபடி அதே கிணற்றுக்குத்தானே வருகிறது என்று ஒருவர் கேட்கலாம். அளவைப் பொறுத்தவரை அது சரி. ஆவியாகிப் போவதே உண்மையான இழப்பு. அதனால்தான் ‘மிச்சம்பிடித்த’ நீரைக் கொண்டு இன்னும் அரை ஏக்கர் செய்தால் வில்லை மெலியும். ஆனால் திரும்பிவரும் நீர் வெறுங்கையோடு வருவதில்லை, யூரியாவைக் கரைத்துக்கொண்டு நைத்திரேற்றாக வருகிறது. கற்பிட்டியில் விவசாயம் நிலக்கீழ் நீரைக் கெடுப்பதை லோரன்ஸும் குருப்புஆராச்சியும் 1986ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எடுத்துக்காட்டினார்கள். அதன்பின் ஒரு தலைமுறையே கடந்துவிட்டது.

ஒரு கணக்குப் போடுவோம். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். சரியாக அந்த எல்லையில் நிற்கும் கிணறு ஒன்றிலிருந்து ஒரு ஏக்கருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர், அதாவது சுமார் 20,000 லீற்றர் இறைத்தால், அந்த நீரில் 1 கிலோ நைத்திரேற்று இருக்கும். அதில் நைதரசன் ஏறத்தாழ 226 கிராம். வெங்காயத்துக்கு 75 நாள் என்று வைத்தால் மொத்தம் 17 கிலோ, யூரியாவாகச் சொன்னால் சுமார் 37 கிலோ. 50 கிலோ மூட்டையில் முக்கால் பங்கு கிணற்றிலேயே கிடக்கிறது! அதன் ஒரு பகுதியைத்தான் பயிர் எடுக்கும் என்பது உண்மை. இருந்தும் அதைக் கழிக்காமல் முழு மூட்டையையும் பாத்தியில் கொட்டச் சொல்லும் பசளைப் பரிந்துரை இந்த மண்ணுக்கு உகந்ததல்ல.

தோட்டத்துக்கும் வீட்டுக்கும் கீழே இருப்பது ஒரே நீர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் இந்த மாவட்டத்தில்தான் குடியேறினார்கள். தோட்டங்களில் கூலிவேலை செய்தும், நிலம் கிடைத்தவர்கள் பயிர்செய்தும் அவர்கள் மீண்டெழுந்தார்கள். அந்த வீடுகளிலும் தாய் கேத்திலில் இதே நீரைக் கொதிக்கவைத்துப் பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறாள். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கும். பாசனத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேத்திலை மறக்க என்னால் முடிவதில்லை.

கருவிகளிலும் தெரிவு வேண்டும். மே தொடங்கி வீசும் தென்மேல் காற்றில் தூவல் நீர் பாத்தி தாண்டிப் பறக்கும், அதிகாலை இறைப்பே பலன்தரும். இடைவெளிவிட்டு நடும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் சொட்டுக் குழாய் பொருந்தும். நெருக்கி நடும் வெங்காயத்துக்கு அத்தனை குழாய்களுக்கும் சிறு விவசாயி எங்கே போவார்? அவருக்குச் சிறுதூவலும், தவணை பிரித்து இடும் பசளையும், மணலில் கலக்கும் கூட்டெருவும் போதும். 2022 ஓகஸ்டில் பம்பிக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. பம்பி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் காசு என்பதை அதன்பின் யாரும் விவசாயிக்குக் கற்பிக்கத் தேவையில்லை.

கமநல சேவை நிலையங்களிலேயே நைத்திரேற்றுப் பரிசோதனைத் தாள்கள் கிடைக்க வேண்டும். நடுகைக்கு முன் ஒருமுறை, மாரிமழை ஓய்ந்தபின் ஒருமுறை கிணற்றுநீரை அளந்து, அந்த எண்ணை விவசாயப் போதனாசிரியர் பசளைச் சிட்டையில் குறித்து, யூரியாவில் அதற்கேற்ற அளவைக் கழித்துக் கொடுக்கலாம். எல்லை தாண்டிய கிணறுகளைச் சுற்றியுள்ள வீடுகளுக்குக் குழாய்நீரை முதலில் கொண்டுசெல்ல அதே பதிவேடு போதும்.