அவிநாசி

அவிநாசி, திருப்பூர் மாவட்டத்தின் வட்டத் தலைமையிடம். கோயம்புத்தூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும்வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி என்பதால் ஆடி மாதத்தில் காற்றுதான் வீசும், மழை அரிது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே மானாவாரி வெள்ளாமையும் குளங்குட்டைகளும் இருந்துவந்தன. நல்லாறு என்னும் சிற்றாறு இப்பகுதி வழியே ஓடி நொய்யலில் கலக்கிறது.

ஊரின் பழம்பெயர் திருப்புக்கொளியூர். 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுந்தரரின் தேவாரப் பதிகத்தில் ஊர் புக்கொளியூர், இறைவன் அவிநாசி. பின்னாளில் இறைவன் பெயரே ஊர்ப்பெயராயிற்று. கொங்கு நாட்டின் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் இது ஒன்று. மற்றொன்றான திருமுருகன்பூண்டி பக்கத்திலேயே உள்ளது. அங்குள்ள கல்தச்சர்களின் பட்டறைகளிலிருந்து பல ஊர்க் கோயில்களுக்குச் சிலைகள் செல்கின்றன.

அவிநாசியின் பெயரைத் தமிழகம் எங்கும் கொண்டுசென்றது முதலைவாய்ப் பிள்ளையின் கதை. சேரநாட்டுக்குப் போகும் வழியில் சுந்தரர் இவ்வூருக்கு வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம், எதிர்வீட்டில் அழுகை. சில ஆண்டுகளுக்கு முன் ஒத்த வயதுச் சிறுவர் இருவர் மடுவில் குளிக்கப் போக, ஒருவனை முதலை விழுங்கிவிட்டது என்று அறிகிறார். மடுக்கரையில் நின்று பதிகம் பாடுகிறார். இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு பிள்ளை கரையேறுகிறான். அந்த மடு தாமரைக்குளம் என்பது ஊரார் நம்பிக்கை. கோயிலின் முன்னுள்ள தீபத்தம்பத்தில், பிள்ளையை வெளியே விடும் முதலையைச் சிற்பமாகக் காணலாம். வறண்ட இந்த மண்ணின் பெருங்கதை, முதலை வாழும் அளவுக்கு நீர் நின்ற ஒரு மடுவின் கரையில் நடப்பது கவனிக்கத்தக்கது.

கோயிலில் இறைவன் அவிநாசிலிங்கேசுவரர், அம்மன் கருணாம்பிகை, தலமரம் பாதிரி. அம்மன் சன்னதி இறைவனுக்கு வலப்புறம் இருப்பது சிறப்பு. அருணகிரிநாதரும் இத்தலத்தைப் பாடியுள்ளார். கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. சித்திரைத் தேரோட்டமே ஊரின் பெருவிழா. தமிழகத்தின் மிகப்பெரிய தேர்களுள் ஒன்றான அவிநாசித் தேர் ஒரே நாளில் நிலை சேர்வதில்லை. வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், தேரின் போக்கு சன்னைக்கட்டை போடுபவர்களின் கையில்தான். உருளும் சக்கரத்தடியில் கட்டையைச் செருகித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. தேர்த்திருவிழாவைப் பற்றி எழுதுவோர் இவர்களைக் குறிப்பிடாமல் விடக்கூடாது.

1860களில் கோவைப் பகுதிக்கு வந்த இருப்புப்பாதை திருப்பூர் வழியாகச் சென்றது. பஞ்சு வணிகமும் பின்னலாடையும் அங்கே பெருக, அவிநாசி கோயிலூராகவும் சந்தையூராகவும் நின்றது. இன்றும் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தி ஏலம் நடக்கிறது. மூட்டைகள் ஆர்.சி.எச். ரகம், மட்டரகம் எனப் பிரித்து அடுக்கப்பட்டுக் குவிண்டால் கணக்கில் விலைபோகின்றன. அருகிலுள்ள சேவூரில் நிலக்கடலை ஏலம் பெயர்பெற்றது.

இத்தலத்து இறைவனின் பெயர் கொங்குக் குடும்பங்களில் மக்கட்பெயராகவும் வழங்குகிறது. 1903இல் திருப்பூரில் பிறந்த தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார், சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர். அவர் தலைமையில் இயங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகமே பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது.

அண்மை வரலாற்றில் இவ்வூரின் பெயர் தண்ணீரோடு சேர்ந்தே ஒலிக்கிறது. பவானி ஆற்றின் உபரிநீரை அத்திக்கடவிலிருந்து கொண்டுவந்து குளங்களை நிரப்பவேண்டும் என்பது அரை நூற்றாண்டைக் கடந்த கோரிக்கை. அதற்காக 2016 பிப்ரவரியில் அவிநாசியில் காலவரையற்ற உண்ணாவிரதம் நடந்தது. 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ரூ.1,916 கோடிச் செலவில் முடிந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டு 17இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் நீர் எடுக்குமிடம் அத்திக்கடவு அன்று; காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே, ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. உபரிநீர் ஆறு நீரேற்று நிலையங்கள் வழியே குழாய்களில் ஏற்றப்பட்டு, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளங்குட்டைகளுக்குச் செல்கிறது. ஆற்றில் உபரி இருக்கும் காலத்தில்தான் மோட்டார்கள் ஓடும். விடுபட்ட குளங்களை இரண்டாம் கட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று விவசாயிகள் தொடர்ந்து கேட்டுவருகின்றனர்.