ஆறு நாள்களும் பதினைந்து இலட்சம் ஆண்டுகளும்

வானொலி மறையுரை



ஒவ்வோர் ஆண்டும் பாஸ்கா திருவிழிப்பு இரவில், புதுத்தீயில் ஏற்றப்பட்ட பாஸ்கா திரி இருண்ட ஆலயத்துக்குள் வந்த பிறகு, நாம் அமர்ந்து கேட்கும் முதல் வாசகம் தொடக்கநூலின் முதல் அதிகாரம். ஒளி, வானம், நிலம், செடிகொடிகள், கதிரவன், மீன்கள், பறவைகள், விலங்குகள், கடைசியில் மனிதர் என்று ஆறு நாள் படைப்பு நம் கண்முன் விரிகிறது. ஏழாம் நாள் கடவுள் ஓய்ந்திருக்கிறார். நம் பிள்ளைகளும் கையில் மெழுகுதிரியோடு நம் அருகில் அமர்ந்து இதைக் கேட்கிறார்கள்.

அதே பிள்ளைகள் கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளிக்குப் போகிறார்கள். உயிரியல் வகுப்பில் ஆசிரியர் டார்வினைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். மணி அடித்ததும் பக்கத்தில் இருக்கும் நண்பன் கேட்கிறான்: "உங்க பைபிள்ல ஆறு நாள்னு இருக்கே, நீ எதை நம்புற?" கோபாலபுரம் போன்ற பகுதியில் ஒரே வகுப்பில் இந்து, இஸ்லாமியர், சமணர், பிற கிறிஸ்தவ சபையினர் எல்லாரும் சேர்ந்து படிக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. தசாவதாரத்தில் பரிணாமம் அன்றே சொல்லப்பட்டுவிட்டது என்பான் ஒருவன். டார்வின் சொன்னது சாத்தானின் பொய் என்று தன் சபையில் கேட்டதைச் சொல்வாள் இன்னொருத்தி. நம் பிள்ளை என்ன சொல்லும்?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. விசுவாசத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பாடப்புத்தகம் பொய் என்று சொல்லிவிடுகிறது. அல்லது, பாடம் உண்மையென்றால் ஞாயிற்றுக்கிழமை கேட்பதெல்லாம் கதைதான் என்று மனதுக்குள் முடிவுகட்டி மௌனமாகிவிடுகிறது. இரண்டாவது பிள்ளையைப் பற்றி நாம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். பத்தாம் வகுப்பில் மௌனமாகும் பிள்ளை, கல்லூரிக்குப் போனபின் ஆலயப் பக்கமே வராமல் போகலாம். கத்தோலிக்கப் பிள்ளைக்கு இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை இழக்கும் தேவையே இல்லை. திருச்சபையின் வரலாறு அதற்குச் சாட்சி. அந்த வரலாற்றை இன்று சற்றுப் பார்ப்போம்.

முதலில் நம் நாட்டு நிலை. 2018 ஜனவரியில் மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறையின் இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறானது, பள்ளிப் பாடத்தில் அது மாற்றப்பட வேண்டும் என்று பேசினார். நம் முன்னோர் எவரும் குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக எழுதி வைக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து அதை மறுத்து அறிக்கை வெளியிட்டன. 2023இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'மரபுவழியும் பரிணாமமும்' என்ற பாடம் 'மரபுவழி' என்று சுருங்கியது. மாணவர்களின் சுமையைக் குறைப்பதற்காகச் செய்தது, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறது என்று விளக்கம் தரப்பட்டது. பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைகள் இதைப் படிக்காமலே போவார்களே என்று 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு முறையிட்டார்கள். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் இருக்கின்றன. ஆகவே நம் பங்கிலேயே, மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பாடம் உண்டு. அடுத்த வீட்டில் சி.பி.எஸ்.இ. படிக்கும் பிள்ளைக்கு அந்த வயதில் அது இல்லை.

நேயர்களே, இந்தக் கேள்வி ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்தது என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அது நம் ஊர் மண்ணிலேயே கிடக்கிறது. 1863 மே 30ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவர் பல்லாவரத்தில் சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது மனிதக் கை செதுக்கிய கல். இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கல் அதுதான். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்து அப்போது நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

அக்காலத்து ஆங்கில விவிலியங்கள் பலவற்றில், தொடக்கநூலின் ஓரத்தில் 'கி.மு. 4004' என்ற ஆண்டு அச்சாகியிருக்கும். அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் அஷர், விவிலியத்தில் வரும் தலைமுறைகளைக் கூட்டிக் கணக்கிட்டு 1650இல் வெளியிட்ட ஆண்டு அது. விவிலியத்தில் அந்த எண் எங்கும் இல்லை. ஆனாலும் ஓரத்தில் அச்சானதாலேயே பலர் அதையும் இறைவார்த்தை என்று எண்ணிக்கொண்டார்கள். அந்தக் கணக்குக்குள் பல்லாவரத்துக் கல் அடங்கவில்லை. அதே 1863இல் ஃபுட்டும் அவருடைய சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள. அங்கே சாந்தி பப்பு தலைமையிலான குழு அகழாய்வு செய்து, அந்தக் கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டது.

ஃபுட் தம் சமயத்தைக் கைவிட்டவர் அல்லர். யாழ்ப்பாணத்தில் பணியாற்றி, தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலரோடு உழைத்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மருமகன் அவர். ஏற்காட்டில் உள்ள ஆங்கிலிக்கன் ஆலயத்தில் அவருடைய நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர் சேகரித்த கற்கருவிகள் 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தன.

அப்படியானால் தொடக்கநூலை எப்படி வாசிப்பது? இதற்கு டார்வின் வரும்வரை திருச்சபை காத்திருக்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொடக்கநூலைப் பற்றி எழுதிய பெரிய விளக்கவுரையில் புனித அகுஸ்தினார் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார். கதிரவன் படைக்கப்படுவது நான்காம் நாளில். அப்படியானால் முதல் மூன்று நாள்களின் மாலையும் காலையும் எத்தகையவை? அவை நாம் எண்ணும் இருபத்துநான்கு மணி நேர நாள்களாக இருக்க முடியாது என்று அவர் கருதினார். பின்னால் வரவிருக்கும் உயிர்களை எல்லாம், மரம் விதைக்குள் அடங்கியிருப்பதுபோல, கடவுள் தம் படைப்புக்குள் வைத்தார். அவை தம் காலத்தில் வெளிப்பட்டன என்றும் எழுதினார். இதைப் பரிணாமக் கொள்கை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உலகம் காலப்போக்கில் விரிவதற்கு அவருடைய விசுவாசத்தில் இடம் இருந்தது.

அதே நூலில் அவர் ஓர் எச்சரிக்கையும் தருகிறார். வானத்தையும் பூமியையும் பற்றி ஆராய்ந்து அறிந்த பிறமதத்தவர் முன்னால், ஒரு கிறிஸ்தவர் விவிலியத்தின் பெயரால் தவறானதைப் பேசினால், சிரிப்புக்கு இடமாவது அவர் மட்டுமல்ல, திருநூலும்தான். அறிந்த காரியத்தில் நம்மைப் பிழைபட்டவராகக் காணும் ஒருவர், உயிர்ப்பைப் பற்றி நாம் சொல்வதை எப்படி நம்புவார் என்பது அவருடைய கவலை. நம் பள்ளி வகுப்பறைக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது.

தொடக்கநூலைக் கவனமாக வாசிப்பவர் இன்னொன்றையும் காண்பார். முதல் அதிகாரத்தில் செடிகளும் விலங்குகளும் வந்தபின் மனிதர் வருகிறார்கள். இரண்டாம் அதிகாரத்தில் மனிதர் முதலில் உருவாக்கப்படுகிறார். தோட்டமும் விலங்குகளும் பிறகு வருகின்றன. நிகழ்ச்சிகளின் வரிசைப் பட்டியலைத் தருவதே திருநூல் ஆசிரியரின் நோக்கம் என்றால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பாரா? படைத்தவர் ஒருவரே, கதிரவனும் நிலவும் தெய்வங்கள் அல்ல, படைப்பு நல்லது, மனிதர் கடவுளின் சாயல் என்பவையே அங்கு நமக்குச் சொல்லப்படுபவை. ஆறு நாள் வேலையை விவிலியம் அடையாள முறையில் முன்வைக்கிறது என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கற்பிக்கிறது.

இனி, 'மரபுவழி' என்று சுருங்கிய அந்தப் பாடத்துக்கு வருவோம். அதில் நம் பிள்ளைகள் முதலில் படிக்கும் பெயர் கிரிகோர் மெண்டல். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு. அகுஸ்தினாரின் பெயர் கொண்ட துறவு சபையைச் சேர்ந்தவர். இன்றைய செக் நாட்டின் பர்னோ நகரில், மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை ஆயிரக்கணக்கில் வளர்த்து, பண்புகள் தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தவர். 1865இல் அந்த முடிவுகளை அறிவித்தார். அடுத்த ஆண்டு அவை அச்சாயின. 1868இல் மடாதிபதியானார். அவர் கண்டதன் அருமையை உலகம் உணர்ந்தது 1900இல், அவர் இறந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு. பெற்றோரின் பண்பு பிள்ளைக்கு எப்படி வருகிறது என்பதை டார்வினால் விளக்க முடியவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது இந்தக் குருவின் பட்டாணித் தோட்டம். பரிணாம அறிவியல் இன்று நிற்கும் தூண்களில் ஒன்று ஒரு துறவு மடத்தில் எழுந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

திருச்சபை எப்போதும் தயக்கமின்றி நடந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. 1633இல் கலிலேயோவைக் கண்டித்தது. அந்தத் தவறை 1992இல் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் ஒருபோதும் சேர்க்கப்படவில்லை. ஆனால் பரிணாமத்தையும் விசுவாசத்தையும் இணைத்துச் சிந்தித்த இயேசு சபைக் குரு தெயார் தெ ஷார்தன், தம் முக்கிய நூல்களை வெளியிட அனுமதி பெறாமலே 1955ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று இறந்தார். அவர் எழுத்துகளைப் பற்றி 1962இல் வத்திக்கான் எச்சரிக்கையும் விடுத்தது.

இருந்தும், பாதை எங்கே போனது என்று பாருங்கள். 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதிய சுற்றுமடல், மனித உடல் முன்னிருந்த உயிர்களிலிருந்து வந்ததா என்பதை அறிஞர் ஆராய்ந்து விவாதிக்கத் தடையில்லை என்றது. ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதை உறுதியாகப் பிடித்துக்கொண்டது. 1996 அக்டோபர் 22இல் திருப்பீட அறிவியல் கழகத்துக்கு எழுதிய செய்தியில், பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்றார் இரண்டாம் யோவான் பவுல். 2014இல் அதே கழகத்தில் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், கடவுளை மந்திரக்கோல் பிடித்த வித்தைக்காரராக நாம் கற்பனை செய்யக்கூடாது என்றும், பரிணாமம் படைப்புக்கு முரணானதல்ல என்றும் விளக்கினார்.

ஆறு நாளையும் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு, அதையே பள்ளியிலும் கற்பிக்க வேண்டும் என்ற படைப்புவாத இயக்கம் அமெரிக்க மண்ணில் வளர்ந்தது. 1925இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் நகரில், மனிதரின் பரிணாமத்தைக் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது வழக்குத் தொடுத்து 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அந்தச் சட்டம் 1967வரை நீடித்தது. அங்கே எழுந்த வாதங்கள்தான் இன்று காணொளிகளாக நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வருகின்றன. அவை ஆர்வமுள்ள கிறிஸ்தவர்கள் சொல்பவையாக இருக்கலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை அல்ல.

அப்படியானால் வகுப்பில் நம் பிள்ளை என்ன சொல்லலாம்? உலகம் யாரால், எதற்காக உண்டானது என்பதை விவிலியத்திலிருந்து அறிகிறேன். உயிர்கள் எப்படி வளர்ந்து வந்தன என்பதைப் பாடத்திலிருந்து அறிகிறேன் என்று சொல்லலாம். இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று அறிவியல் சொல்லவில்லை, இருவருக்கும் மிகப் பழைய காலத்தில் பொதுவான மூதாதையர் இருந்தனர் என்றே சொல்கிறது என்று நண்பனுக்கு விளக்கலாம். வலியது வாழும், ஆகவே எளியவரைக் கைவிடலாம் என்று யாராவது பேசினால், அங்கே மட்டும் விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டும். நோயாளியும் மாற்றுத்திறனாளியும் கருவிலுள்ள குழந்தையும் கடவுளின் சாயல் என்பது தொடக்கநூலின் போதனை. ஒரு மனிதரின் மாண்பை ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியாது. அறிவியல் அப்படி அளப்பதாகச் சொல்லவும் இல்லை. தன் சபையில் கேட்டதைச் சொல்லும் தோழியையும், தசாவதாரத்தைச் சொல்லும் நண்பனையும் கேலி செய்யாதிருப்பதும் விசுவாசத்தின் சாட்சியே.

பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, பிள்ளை இந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தால், "இதெல்லாம் கேட்கக்கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். தெரியாவிட்டால் பங்குத்தந்தையிடம் சேர்ந்தே போய்க் கேளுங்கள். விடுமுறையில் ஒருநாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், நம் மண்ணில் கிடைத்த கற்கருவிகளைக் காட்டுங்கள். அவற்றைச் செதுக்கிய கைகளையும் கடவுள் அறிவார் என்று சொல்லிக்கொடுங்கள்.

அனைத்தையும் படைத்த ஆண்டவரே, எங்கள் பிள்ளைகள் உம் படைப்பை ஆராய அஞ்சாமலும், உம்மை அறிக்கையிட வெட்கப்படாமலும் வளர அருள்தாரும். அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களை, அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், ஆசீர்வதித்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.